மேசைமேல் மல்லாட்டைக் கொல்லை

காசியம்மாள் தம்பியின் கடைக்குள் வந்ததும் வராததுமாகப் பிளாஸ்டிக் கவரிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் கம்ப்யூட்டர் மேசைமேல் போட்டாள். பிளக்ஸ் மெஷினில் ஒரு மஞ்சள் நீராட்டு விழா பேனர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் இரைச்சலையும் மீறிக் கத்தினாள்.

"இந்தப் படத்தாலதாண்டா நம்ம ஊடு போவுது. நல்லாப் பாரு. எந்தக் கட்டையில போறவன் புடிச்சானோ தெரியல."

விமல்ராஜ் பார்த்தான். அந்தக் கட்டையில் போகிறவன் அவன்தான்.

நிறம் வெளுத்து, நடுவில் மடிப்பு விழுந்து, மூலையில் பூஞ்சை பிடித்த பழைய கலர் படம். திருவண்ணாமலை ஸ்டேஷன். பிளாட்பாரத்தில் கரி இன்ஜின் நிற்கிறது. பின்னால் ரைஸ் மில் புகைக்கூண்டு, அதற்கும் பின்னால் மலை. முன்னால், லைனுக்கு இந்தப் பக்கம், வரப்பு போட்டு நிலக்கடலை விதைத்த மல்லாட்டைக் கொல்லை. கீழே வெள்ளை எழுத்தில் 1986 என்று போட்டிருந்தது.

அந்த மல்லாட்டைக் கொல்லை இருக்கிற இடத்தில்தான் காசியம்மாளின் வீடு இருக்கிறது. அவளுடையது மட்டுமில்லை, வரிசையாகப் பதினொரு வீடு. இடம் சின்னசாமி என்கிற ரைஸ் மில் முதலாளியுடையது. எண்பது வாக்கில், மில்லில் மூட்டை தூக்கியவர்களும் நெல் அவித்தவர்களும் குடிசை போட்டுக்கொள்ள அவர் வாய்வார்த்தையாக விட்ட இடம். எழுத்து கிடையாது, ரசீது கிடையாது. "போட்டுக்கினு இருங்க" என்றார், இருந்தார்கள். ரேஷன் கார்டுகூட மில் விலாசத்தில்தான் வாங்கியிருந்தார்கள். விமல்ராஜ் பிறந்தது அங்கேதான். அப்பா மூட்டை தூக்கியே நெஞ்சு வெடித்துச் செத்தார், அம்மா மஞ்சள் காமாலையில் போனாள். பதினொரு வயது மூத்த காசியம்மாள்தான் தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தாள், இட்லி விற்றுப் படிக்க வைத்தாள், தனக்கென்று ஒரு கல்யாணம் பண்ணிக்கொள்ள மறந்தே போனாள். ஓலை போய் ஓடு வந்தது, ஓடு போய் ஷீட் வந்தது. ஐம்பத்தைந்து வயதில் அவளுக்கென்று இந்த உலகத்தில் இருப்பது அந்த ஒன்றுதான்.

சின்னசாமி எண்பத்தாறில் கண்ணை மூடினார். மில் பூட்டிக் கிடந்து இடிந்தது. இப்போது பேரன் இளஞ்செழியன் மொத்த இடத்தையும் ஒரு லாட்ஜ்காரருக்கு விற்கப் போகிறார். கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது, சொன்னால் நாக்கு அழுகிவிடும். போன மாதம் பதினொரு குடும்பத்தையும் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்கார வைத்துப் பேசினார்.

"எங்க தாத்தா சொல்லிக் குடி வந்தவங்கன்னா அவர் வார்த்தைய நான் மீற மாட்டேங்க. ஆளுக்கு ஒண்ணரை சென்ட் எழுதிக் குடுத்துடறேன். அவர் போனதுக்கப்புறம், கேக்க ஆளில்லன்னு வந்து உக்காந்தவங்கன்னா, மன்னிச்சுக்குங்க, காலி பண்ணிடணும்."

எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டு வந்தார்கள். நம்மிடம்தான் உண்மை இருக்கிறதே, அப்புறம் என்ன பயம் என்று அன்றைக்குப் பதினொரு வீட்டிலும் கறிக் குழம்பு கொதித்தது.

இளஞ்செழியன் வீட்டுக் கூடத்தில் இந்தப் படம் நாலு வருஷமாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. வாட்ஸப்பில் வந்ததைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு மாட்டியிருக்கிறார், தாத்தாவின் புகைக்கூண்டு அதில் தெரிகிறது என்பதற்காக. போன வாரம் ஒரு நாள் அதன் முன்னால் நின்று காபி குடித்தவர், புகைக்கூண்டை விட்டுவிட்டுக் கொல்லையைப் பார்த்துவிட்டார்.

"தாத்தா செத்த வருஷத்துல அங்க மல்லாட்ட போட்டிருக்குதாம்டா. ஊடே இல்லியாம். அம்மாம் பேரும் சேந்து அவுர ஏமாத்திட்டமாம். மாசக் கடைசிக்குள்ள சாமானத் தூக்கிக்கினு போவணும்னு சொல்லிட்டாரு. மூஞ்சியில அடிச்ச மாதிரி இந்தப் படத்த ஒரு காப்பி எடுத்துக் குடுத்து அனுப்பறாரு." காசியம்மாள் முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். "நீ போட்டோ வேல தெரிஞ்சவன். இது இன்னா ஏதுன்னு நீ பாத்து சொல்லுடா விமலு."

அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். திறந்தால்தானே! "பாக்கறேங்க்கா, நீ போ" என்று ஆட்டோ பிடித்து அனுப்பிவிட்டு, பேனரில் ஒரு குழந்தையின் பெயரைத் தப்பாக அடித்து வாடிக்கையாளரிடம் திட்டு வாங்கினான்.

அந்த ஸ்டேஷன் அவன் வீட்டு மாடியில், தகரக் கொட்டாய்க்குள், பத்தடி நீளமும் மூன்றடி அகலமுமான பிளைவுட் பலகைமேல் இருந்தது. நிஜத்தில் எண்பத்தேழில் ஒரு பங்கு அளவில் அவன் செய்த பொம்மை ஸ்டேஷன். ரயில் வண்டியைக் காசிருந்தால் யாரும் வாங்கிவிடலாம். அது ஓடும் ஊரை எந்தக் கடையிலும் விற்பதில்லை. அந்த ஊரைச் செய்யத்தான் விமல்ராஜ் ஆறு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளைக் கொட்டியிருந்தான்.

மலையைத் தெர்மாகோல் அடுக்கி, சூட்டுக் கம்பியால் அறுத்து, பிளாஸ்டர் பூசிச் செய்தான். மலையின் தோள் ஓர் அங்குலம் தப்பினாலும் இந்த ஊரில் எவனும் மதிக்க மாட்டான், தினம் அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்கள். நாலு தடவை உடைத்துப் போட்டு ஐந்தாவது தடவை பிடித்தான். ஸ்டேஷன் பக்கத்து மண்ணையே அள்ளி வந்து, டீ வடிகட்டியில் சலித்து, பூச்சி வராமல் இருக்கத் தோசைக்கல்லில் வறுத்தான். அந்தத் தோசைக்கல்லை அவன் மனைவி ஆர்த்தி அவன் தலையில் போடவில்லை என்றால் அது அவள் பிறந்த வீட்டு வளர்ப்பு. வேலூர் வாத்தியார் வீட்டுப் பெண். மரங்களுக்கு மோட்டார் காயில் கம்பியை முறுக்கினான், இலைக்கு மருதாணிப் பொடி தூவினான், காய்ந்த புல்லுக்கு மிதியடியிலிருந்து தேங்காய் நாரைப் பிய்த்தான்.

ஆனால் அதெல்லாம் பாதி வேலைதான். செய்து முடித்ததும் எல்லாம் பளபளவென்று பொம்மைக்கடை மாதிரி இருக்கும். அதைப் பழசாக்க வேண்டும், அதில்தான் அவன் சூரன். கறுப்பு பெயின்ட்டைத் தண்ணீராகக் கரைத்து ஊற்றினால் அது இடுக்கில் போய்த் தங்கி அழுக்காகும். அதன்மேல் ஏறக்குறையக் காய்ந்த பிரஷ்ஷால் சாம்பல் நிறத்தைத் தொட்டும் தொடாமலும் இழுத்தால் மேடுகள் வெயிலில் வெளுத்ததாகும். ஓட்டுக்கூரைக்குச் செங்கல் பொடி. தண்டவாளத்தின் பக்கவாட்டில் துரு, மேலே சக்கரம் ஓடித் தேய்ந்த வெள்ளை. இன்ஜின் நிற்கும் இடத்தில் மட்டும் எண்ணெய்க் கறை. குழாயடியில் பாசி. பிளாட்பாரத் தூணில் எவனோ துப்பிய வெற்றிலைச் சாறு, அதை ஊசி முனையால் வைத்தான். மழை எந்தப் பக்கம் அடித்திருக்கும், யார் தோள் உரசி எந்த மூலை கறுத்திருக்கும் என்று யோசித்து யோசித்து வைத்தான். பழசு என்பது சும்மா அழுக்கு இல்லை, எதற்கும் ஒரு காரணம் இருக்க வேண்டும் என்பான்.

எண்பத்தாறாம் வருஷத்தைத் தேர்ந்தெடுத்தது கரி இன்ஜினுக்காக. லைனுக்கு இந்தப் பக்கம் பதினொரு வீட்டுக்குப் பதில் கொல்லையை வைத்தது எதற்காக என்று அவனை யாரும் கேட்டதில்லை. அவனும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

சரி, செய்தான், அழகு பார்த்தான், அதோடு விட்டிருந்தால் என்ன? நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை வெயில் ஜன்னல் வழியாகச் சாய்ந்து விழுந்தபோது செல்போனைப் பலகைமேல் படுக்க வைத்து ஒரு படம் எடுத்தான். பார்த்தால் நிஜ ஸ்டேஷன். கை சும்மா இருக்குமா! கடைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அந்தப் படத்தையும் பழசாக்கினான். நிறத்தை வெளுத்தான், மடிப்பு போட்டான், பூஞ்சை வைத்தான். ஊர்ப் பழைய படங்கள் போடும் ஒரு பேஸ்புக் குழுவில், நம்ம ஊர் ஸ்டேஷன் 1986 என்று எழுதிப் போட்டுவிட்டு, எவனாவது கண்டுபிடிக்கிறானா பார்ப்போம் என்று காத்திருந்தான்.

ஒருவனும் கண்டுபிடிக்கவில்லை. கண்ணீர் விட்டவர்கள் எத்தனை பேர், இந்த பெஞ்சில்தான் பெண் பார்த்தேன் என்றவர்கள் எத்தனை பேர்! ஸ்டேஷன் வாசலில் டீக்கடை வைத்திருக்கும் ஜியாவுல்லா பாய், பிளாட்பாரத்தில் சிவப்புத் துண்டோடு நிற்பது தான்தான் என்று யாரையோ விட்டு எழுத வைத்திருந்தார். அது பாதியாக வெட்டிய தீக்குச்சி. சிவப்பு மருந்தைத் தலையில் கட்டிய துண்டாக விட்டிருந்தான். விமல்ராஜ் படித்துப் படித்துச் சிரித்தான். படம் எங்கே கிடைத்தது என்று ஒருவர் கேட்டதற்கு, "எங்கப்பா எடுத்தது, நெகட்டிவ் வீட்டில் இருக்கு" என்று பதில் போட்டான். மூட்டை தூக்கிச் செத்த அப்பன் கையில் கேமராவைக் கொடுத்தான் பாவி. படம் ஊரெல்லாம் சுற்றியது. அவன் மறந்தே போனான்.

அக்கா வந்து போன அன்றிலிருந்து அவன் மூலப் படத்தைத் தேடினான். எடுத்த செல்போன் எப்போதோ எக்ஸ்சேஞ்சில் போய்விட்டது. கடை ஹார்ட் டிஸ்க் ஒரு தீபத்தன்று வோல்டேஜ் ஏறிச் செத்தது. பேஸ்புக்கில் இருப்பது மடிப்பும் பூஞ்சையும் உள்ள படம்தான். நாலு நாள் இப்படியே ஓடியது. ஐந்தாம் நாள் சோறு இறங்காமல், லைனோரத்துக்கு நடந்தே போய் அக்காவிடம் சொன்னான்.

"அக்கா, அந்தப் படம் நான் பண்ணதுக்கா. மாடியில வெச்சிருக்கேனே ரயிலு, அதுல எடுத்தது. நெஜப் படமே இல்ல."

அறைவாள் என்றுதான் கன்னத்தைத் தயாராக வைத்திருந்தான். காசியம்மாளோ இட்லிக் குண்டானைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "அடப்பாவி! நீ பண்ணதா? நான் பயந்தே பூட்டேன்டா! அப்ப ஒண்ணும் பிரச்சனையே இல்லியே. அவுராண்ட கூட்டிக்கினு போயி காட்டிட்டா முடிஞ்சிது!" பக்கத்து வீடுகளுக்கெல்லாம் குரல் கொடுத்தாள். "எங்க விமலு பண்ணதாம்! மலையெல்லாம் பண்ணிகீறான்! நெஜம்னு நம்பி ஊரே ஏமாந்துக்கினு கீது, அவ்ளோ ஷோக்கா பண்ணிகீறான் எந்தம்பி!"

விமல்ராஜுக்கு அங்கேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு இளஞ்செழியன் வந்தார். நடுநிலையாக ஒரு பெரியவர் இருக்கட்டும் என்று ஜியாவுல்லா பாயையும் காரில் கூட்டி வந்திருந்தார். லைனோரத்திலிருந்து காசியம்மாளும் இன்னும் நாலைந்து பேரும் வந்தார்கள். மாடிக்கு ஏறுமுன் வேண்டாம் என்று சொல்லியும் காசியம்மாள் செருப்பைக் கீழேயே விட்டாள். தம்பி வீட்டு மாடியை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. வாசலோடு வந்து இட்லி மாவு கொடுத்துவிட்டுப் போகிறவள்தான் எப்போதும்.

கொட்டாய்க்குள் நுழைந்ததும் இளஞ்செழியன் குனிந்து புகைக்கூண்டைப் பார்த்தார். அதன் உச்சியில் கரி படிந்திருப்பதைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது மனிதருக்கு.

"பிரமாதங்க. அப்படியே அச்சு அசல். அந்தப் போட்டோவ வச்சு இஞ்சு இஞ்சா அளந்து செஞ்சிருக்கீங்க."

"இல்ல சார்," என்றான் விமல்ராஜ், "போட்டோவ வச்சு இத செய்யல. இத வச்சுத்தான் போட்டோ. மூணு மாசம் மைக்ராஸ்கோப்புல பாக்கற மாதிரி பாத்துப் பழசாக்கினது சார். இதோ பாருங்க." போனைப் பலகைமேல் வைத்து அங்கேயே ஒரு படம் எடுத்துக் காட்டினான்.

இளஞ்செழியன் பார்த்தார். தன் போனை எடுத்து அந்தப் பழைய பேஸ்புக் பதிலைக் காட்டினார். "அப்பா எடுத்தது, நெகட்டிவ் இருக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்க."

"அது பொய் சார். சும்மா வேடிக்கைக்கு."

"அன்னிக்குப் பொய், இன்னிக்கு நிஜம். வீடு போவுதுன்னதும் நிஜம் வந்துடுச்சு. நான் என்னத்த நம்பறதுங்க?" கோபமில்லை, வருத்தமாகத்தான் கேட்டார். "பாய், நீங்க சொல்லுங்க. எண்பத்தாறுல அங்க வீடு இருந்திச்சா?"

ஜியாவுல்லா பாய் தாடியைத் தடவினார். எழுபத்தெட்டு வயது. பொய் சொல்கிற ஆள் இல்லை. "குடிசைங்க இருந்திச்சு தம்பி. என் கடைக்கே வந்து டீ வாங்குவாங்க. ஆனா அது எண்பத்தாறா, அப்புறமா... படத்துல இல்லியே! நான் அதுல நிக்கறனே. நான் நிக்கறப்போ கொல்லையாத்தான் இருந்திருக்குது."

"பாய், அது நீங்க இல்ல!" விமல்ராஜ் பிளாட்பாரத்திலிருந்து அந்தத் தீக்குச்சியைப் பிடுங்கி அவர் உள்ளங்கையில் வைத்தான். "இதான் அது. தீக்குச்சி பாய்!"

பாய் அதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "துண்டுகூட வச்சிருக்க. என்னைப் பாத்து அளவெடுத்து செஞ்ச மாதிரியே இருக்குது. சந்தோஷம் தம்பி" என்று பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார். விமல்ராஜுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இதற்குள் காசியம்மாள் பலகையின் மறுபக்கம் போயிருந்தாள். யார் பேச்சும் அவள் காதில் விழவில்லை. விரலை நீட்டி, எதையும் தொடாமல், ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள். "இதான் தண்ணித் தொட்டி. இதான் கேட்டு. இந்தப் புளியாமரத்தடியிலதான் நான் இட்லி வெச்சுக்கினு குந்திக்கினு இருந்தேன். ஐய, பைப்புல பாசிகூட கீதே!" சொல்லிக்கொண்டே வந்த விரல் கொல்லைமேல் நின்றது. "நம்ம ஊடு எங்கடா?"

இளஞ்செழியன் அவள் விரல் நின்ற இடத்தைக் குனிந்து பார்த்தார்.

"அதான் நானும் கேக்கறேன்," என்றார் இளஞ்செழியன். "சரிங்க, நீங்க பிளக்ஸ் கடை வச்சிருக்கீங்க, உங்களால செய்ய முடியும். அந்தப் படம் நீங்க செஞ்சதுன்னே ஒத்துக்கறேன். நீங்க அங்க பொறந்தவர்னு சொல்றீங்க. வெத்தலை எச்சில்கூட விடாம வச்சிருக்கீங்க. வீடு இருந்திருந்தா உங்க வீட்ட வைக்காமலா விட்டிருப்பீங்க?"

"பலகை பத்தல சார்."

இளஞ்செழியன் கையை விரித்துக் கொல்லையை ஜாண் போட்டார். ஒன்று, இரண்டு, மூன்று. "மல்லாட்டைக்கு இடம் இருக்குதேங்க."

விமல்ராஜ் அக்காவைப் பார்த்தான். அவள் இன்னும் நம்பிக்கையோடுதான் நின்றாள், சொல்லுடா என்பது போலத் தலையை ஆட்டினாள். இன்னொரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. அந்தப் பொய்யால் பதினொரு வீட்டுக்கும் பிரயோஜனம் இல்லை என்று தெரிந்தது. உண்மையைச் சொன்னால் ஒருவேளை பிழைக்கலாம். ஆனால் அதை அக்கா எதிரில் சொல்ல வேண்டும். சொன்னான்.

"மொதல்ல வச்சிருந்தேன் சார். பதினொண்ணும் செஞ்சேன். ஓலை கறுத்து மக்கினது, சாக்கடை, கிழிஞ்ச சாக்குப் படுதா, எல்லாம். நான் செஞ்சதுலயே அதான் நல்லா வந்திச்சு. ஆர்த்தியோட அண்ணன் வேலூர்லருந்து வந்தவரு பாத்துட்டு, எல்லாம் சூப்பரா இருக்கு மாப்ள, இந்தக் குப்பைமேட்ட மட்டும் எடுத்துடுன்னாரு. அவருக்கு அது வீடுன்னே தெரியல." கொல்லையில் ஒரு செடியை நகத்தால் சுரண்டினான். "அது நான் பொறந்த வீடுன்னு சொல்ல வாய் வரல சார். அசிங்கமா இருந்திச்சு. ஆமா மச்சான், எடுக்கணும்னுதான் இருக்கேன்னு சொன்னேன். அவரு எதிர்லயே பேர்த்து எடுத்துக் கூடையில போட்டேன். அந்த எடத்துலதான் மல்லாட்ட வச்சேன். கொத்தமல்லி வெதைய ஒட்டி, பச்சை அடிச்சு."

கொட்டாய்க்குள் தகரம் சூடேறிப் படபடவென்றது. இளஞ்செழியன் அவன் தோளில் கை வைத்தார்.

"உங்க கஷ்டம் புரியுதுங்க. அக்காவுக்காக என்ன வேணா சொல்லுவீங்க, நானா இருந்தாலும் சொல்லியிருப்பேன். ஆனா பொறந்து வளந்த வீட்ட அசிங்கம்னு எவனாவது பேத்து எறிவானா? அந்த மாதிரி மனுஷன் உண்டாங்க? நம்பற மாதிரி ஒண்ணு சொல்லியிருக்கலாம்." பாயைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போனவர் நின்று திரும்பினார். மனதார, நல்லதாகவே சொன்னார். "இத மூடி வைக்காதீங்க. லாட்ஜ் கட்டினதும் ரிசப்ஷன்ல வைக்கலாம். நான் பேசறேன்."

லைனோரத்து ஆட்கள் "சார், சார்" என்று கெஞ்சிக்கொண்டே அவர் பின்னால் இறங்கிப் போனார்கள். கார் கிளம்பும்வரை அந்தக் கெஞ்சல் கேட்டது.

காசியம்மாள் மட்டும் போகவில்லை. கொல்லையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, எப்படியாவது..."

"அவுரு நம்பல," என்றாள். "நான் நம்பறேன்டா."

அவன் தலையைத் தூக்கவில்லை.

"எட்டாங்கிளாசுல டூரு போயிட்டு வந்தியே, ரயிலு நம்ம ஊட்டாண்ட நின்னுச்சு. நான் வாசல்ல நின்னு கைய ஆட்டினேன். நீ பாத்துட்டு மூஞ்சத் திருப்பிக்கின. வெயிலு கண்ல அடிக்குதுன்னு நெனச்சுக்கினேன். கல்யாணப் பத்திரிகையில கட அட்ரஸ் போட்டப்ப, போஸ்ட்மேனுக்கு வசதின்னு நெனச்சுக்கினேன். என்னைய வாசல்லயே நிக்க வெச்சுப் பேசி அனுப்புவியே, வேலையா இருக்கியாக்கும்னு நெனச்சுக்கினேன். இம்மாம் வருஷமா நானே எதுனா ஒண்ணு நெனச்சுக்கினு கெடந்தேன்டா."

திட்டியிருக்கலாம். பலகையைத் தூக்கிக் கவிழ்த்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் ஒன்றும் செய்யவில்லை. ஆர்த்தி கொண்டுவந்து வைத்த டீயைக் குடிக்காமல் இறங்கிப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

மாசக் கடைசியில் ஜேசிபி வந்தது. பதினொரு வீட்டுக்கும் சேர்த்து அதற்கு ஒரு காலைநேரம்தான் பிடித்தது. கேஸ் போடலாம், வக்கீலைப் பார்க்கலாம் என்று விமல்ராஜ் ஓடி ஓடிச் சொன்னான். அவன் பேச்சைக் கேட்க அங்கே யாரும் தயாராக இல்லை. உன் படத்தால்தானே என்று ஒரு கிழவி காறித் துப்பினாள், அதைத் துடைக்காமல் நின்றான். எங்கள் வீட்டுக்கு வந்துவிடு, மாடியில் தனி ரூம் போட்டுத் தருகிறேன் என்று ஆர்த்தியையும் கூட்டிக்கொண்டு போய் அக்காவின் காலைப் பிடித்தான். காசியம்மாள் இட்லிக் குண்டானையும் இரண்டு மூட்டையையும் ஏற்றிக்கொண்டு கீழ்பென்னாத்தூர் வேனில் ஏறிவிட்டாள். அங்கே தெரிந்தவர் ஒருவர் வாடகைக்கு ஒற்றை அறை பார்த்துக் கொடுத்திருந்தார்.

ஒரு மாதம் கழித்து, மனம் கேட்காமல், விசாரித்துக்கொண்டு கீழ்பென்னாத்தூர் போனான். பஸ் ஸ்டாண்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி வரிசையாக நாலு அறைகள். கடைசி அறை வாசலில் அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். இளைத்துப் போயிருந்தாள். அவனைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்தாள். "வாங்க" என்றாள்.

பிறந்ததிலிருந்து அவனை அவள் அப்படி அழைத்ததில்லை. சுற்றுமுற்றும் பார்த்தான், வேறு யாரையாவது கூப்பிடுகிறாளோ என்று. வேறு யாரும் இல்லை.

பக்கத்து அறைப் பெண் எட்டிப் பார்த்தாள். "யாருக்கா இது? ஒறவா?"

"இல்லம்மா," என்றாள் காசியம்மாள். "தெரிஞ்சவரு. திருவண்ணாமலையில பிளக்ஸ் கடை வெச்சிருக்காரு. ரொம்ப நல்லா படம் பண்ணுவாரு."

உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நின்றபடியே குடித்துவிட்டு, சொம்பை அவள் கையில் தராமல் வாசற்படியில் வைத்துவிட்டு, விமல்ராஜ் அடுத்த பஸ்ஸைப் பிடித்தான்.